கெடா காற்பந்தும் கொடுபடாத சம்பளமும்

2007இலும் 2008இலும் சூப்பர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் அடுத்தடுத்து வாரிக்கொண்டு வந்த அணி கெடா. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து மூன்று கிண்ணங்களையும் வென்ற அணி அதுவரை இந்த நாட்டில் இருந்ததில்லை. அதே கெடா, 13 அணிகள் ஆடிய 2025–26 சூப்பர் லீக்கில் இல்லை. தோற்றுத் தரம் இறங்கிப் போகவில்லை. சம்பளப் பாக்கியும் கணக்கும் தீராததால் 2025இல் உரிமம் மறுக்கப்பட்டது. ஏ1 அரைத்தொழில்முறை லீக்கிலிருந்து மறுபடி தொடங்க வேண்டிய நிலை.

எங்கே தப்பு நடந்தது என்று அலோர் ஸ்டாரில் யாரைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் இறக்குமதி ஆட்டக்காரர்கள்தான். மெர்கோங் பக்கம் மாமாக் கடையில் உட்கார்ந்தால் பட்டியலே போடுவார்கள்: இவன் வந்து மூன்று ஆட்டம் ஆடினான், அவன் வந்த நாளிலிருந்து காயம், இன்னொருவன் கோலே அடிக்காமல் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால், கெடாவைக் கவிழ்த்தது மோசமான ஆள்பிடிப்புதான் என்ற முடிவு சரியில்லை என்பது என் கருத்து. ஆளைச் சரியாகப் பிடித்த ஆண்டுகளிலும் பணம் இல்லை. சிக்கல் ஆட்டக்காரரின் காலில் இல்லை, கையெழுத்திட்டவரின் கணக்கில் இருந்தது.

கெடா காற்பந்துச் சங்கம் 1924இல் தொடங்கியது. டாருல் அமான் அரங்கம் 1962இல் திறக்கப்பட்டது. மலேசியக் கிண்ணத்தை முதன்முதலாக 1990இல் கைப்பற்றினார்கள்; 1993இல் சிங்கப்பூரை 2–0 என்று வென்று மறுபடியும். பச்சை மஞ்சள் சட்டை வடக்கு மாநிலம் முழுவதற்கும் பொதுச்சொத்தானது அந்தக் காலத்தில்தான். சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் தோட்டங்களிலிருந்து லாரி பிடித்து ஆட்டம் பார்க்கப் போனவர்களை அந்தத் தலைமுறையில் இன்றும் பார்க்கலாம். நெல் வயல்காரருக்கும் பால்மரம் வெட்டியவருக்கும் பொதுவாக இருந்த சில விஷயங்களில் இந்த அணியும் ஒன்று.

மும்முடி வென்ற அணியைப் பயிற்றுவித்தவர் முகமட் அஸ்ராய் கோர் அப்துல்லா, கெடாவின் சொந்த ஆள். அவரிடம் இருந்த வெளிநாட்டு முகங்களை ரசிகர்கள் விரல்விட்டு எண்ணிவிடுவார்கள்: செயின்ட் வின்சென்ட் தீவைச் சேர்ந்த மார்லன் ஜேம்ஸ், அதே தீவின் கொர்னீலியஸ் ஹக்கின்ஸ், சிலி நாட்டு நெல்சன் சான் மார்ட்டின். உலகப் புகழ் பெற்றவர் இவர்களில் ஒருவருமில்லை. பருவத்துக்கொரு முகம் என்று மாறாமல் தங்கி ஆடினார்கள், அணியோடு பழகினார்கள். அவர்களைச் சுற்றி உள்ளூர்ப் பையன்கள் இருந்தார்கள். அவர்களில் இளையவரான பாட்ரோல் பக்தியார் பிறகு அணித்தலைவராகி, 2021 வரை அதே சட்டையில் ஆடினார். நல்ல இறக்குமதி என்றால் என்ன என்று கேட்பவருக்குக் கெடாவிடமே பதில் இருக்கிறது.

அதன் பின் நாடு முழுவதற்கும் ஒரு சோதனை நடந்தது. 2009 முதல் 2011 வரை மலேசிய லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு முழுத் தடை. அதே காலத்தில்தான் கே. ராஜகோபால் பயிற்றுவித்த இளைஞர் படை 2009 சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றது. அடுத்த ஆண்டு டிசம்பரில் இந்தோனேசியாவை இரண்டு ஆட்டங்களில் 4–2 என்று சாய்த்து ஆசியான் கிண்ணத்தையும் கொண்டு வந்தது. தடைதான் அந்த வெற்றியைத் தந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்தப் பையன்கள் தடைக்கு முன்பே இளையோர் அணிகளில் ஒன்றாக வளர்ந்தவர்கள். ஆனாலும் உள்ளூர் முன்னாட்டக்காரருக்கு வாரா வாரம் இடம் கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. 2012இல் கதவு மறுபடி திறந்தது.

திறந்த கதவு வழியாக வந்தது ஆட்டக்காரர்கள் மட்டுமல்ல. ஜொகூர் டாருல் தக்சிம் என்ற ஜே.டி.டி., 2014 முதல் 2024–25 வரை 11 முறை தொடர்ந்து லீக்கை வென்றது. ஜொகூர் அரச குடும்பத்தின் தலைமை, சொந்தப் பயிற்சி மையம், புதிய அரங்கம், சம்பளம் தேதி தவறாத நிர்வாகம் எல்லாம் அங்கே உண்டு. மற்ற மாநிலங்கள் அதைப் பார்த்து ஏங்கின. பிடிக்க வேண்டுமானால் அடித்தளம் போட வேண்டும்; அதற்குப் பத்தாண்டு ஆகும். பத்தாண்டு பொறுக்கிற ரசிகரும் இல்லை, பத்தாண்டு பதவியில் இருக்கப் போகிற தலைவரும் இல்லை. எனவே ஏஜண்டு அனுப்பிய காணொளியைப் பார்த்து ஆள் எடுத்தார்கள், அதுவும் இடமாற்றக் காலம் முடியும் கடைசி வாரத்தில். இப்படி வந்து இறங்குபவர் பாதிப் பருவம் புழுக்கத்துக்குப் பழகுகிறார், மீதிப் பாதி புதிய பயிற்சியாளருக்குப் பழகுகிறார். அதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. ஏமாற்றம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி ஆளின் குற்றமல்ல, எடுத்த விதத்தின் குற்றம்.

கெடாவின் ஆள்பிடிப்பு எப்போதும் தோற்றதா என்றால் அதுவும் இல்லை. டென்மார்க்கின் கென் இல்சோ, கொசோவோவின் லிரிடோன் கிராஸ்னிச்சி, ஐவரி கோஸ்ட்டின் கிப்ரே செச்சே ஆகியோரை ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை. 2016இல் மலேசியக் கிண்ணம், 2017இலும் 2019இலும் எஃப்.ஏ. கிண்ணம். 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் ஹாங்காங்கின் தாய் போவை 5–1 என்று நொறுக்கிவிட்டு, எஃப்.சி. சோலிடம் 4–1 என்று தோற்றார்கள். 2020, 2021 இரண்டு பருவங்களிலும் சூப்பர் லீக்கில் இரண்டாம் இடம். ஜே.டி.டி.க்கு அடுத்த அணி என்று பெயர் வாங்கியவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் உரிமத்துக்கு வழியில்லாமல் நின்றார்கள் என்றால், காரணத்தைத் திடலுக்கு வெளியே தேட வேண்டும்.

இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் ஜோர்டான் மலேசியாவை 4–0 என்று வீழ்த்தியது. அதில் இரண்டு கோல் போட்டவர் மஹ்மூத் அல்-மார்டி, அதற்கு முன் கெடாவுக்கு ஆடியவர். தகுதியான ஆள் நம்மிடம் வந்துதான் இருந்தார். அப்படிப்பட்டவரைத் தக்கவைக்கத் தேவையானது மாதக் கடைசியில் வங்கிக்கணக்கில் விழ வேண்டிய தொகைதான்.

அந்தத் தொகை எங்கிருந்து வந்துகொண்டிருந்தது? பல பத்தாண்டுகளாக மலேசியக் காற்பந்து மாநில அரசின் தோளில் நின்றது. மந்திரி பெசார் சங்கத்தின் தலைவர். மாநில நிறுவனங்கள் விளம்பரதாரர்கள். பற்றாக்குறை வந்தால் ஒரு தொலைபேசி அழைப்பு. தேர்தலில் ஆட்சி மாறினால் சங்கத்தின் தலைமையும் மாறும், பழைய பாக்கிக்குப் புதியவர் முகம் சுளிப்பார். இந்த வழக்கத்தை ஒழிக்கத்தான் மலேசியக் காற்பந்துச் சங்கம் அணிகளைத் தனியார் கிளப்புகளாகப் பிரிக்கச் சொன்னது. 2021 பருவத்திலிருந்து கெடா, ‘கெடா டாருல் அமான் எஃப்.சி.’ ஆனது. இஸ்லாமிய நிதித்துறை அறிஞர் டான்ஸ்ரீ முகமட் டாவுட் பக்கார் கிளப்பின் பெரும்பங்குக்கு உரியவரானார். மாநிலச் சங்கத்துக்கு மந்திரி பெசார் முகமட் சனுசி முகமட் நூர் தலைவர். சட்டப்படி கிளப் வேறு, சங்கம் வேறு. சம்பளம் வராத ஆட்டக்காரருக்கோ ரசிகருக்கோ அந்த வேறுபாட்டால் ஒரு பயனும் கிடைக்கவில்லை. பொறுப்பு யாருடையது என்று கேட்க வேண்டிய வாசல் ஒன்றுக்கு இரண்டானதுதான் மிச்சம்.

நேரமும் சரியாக அமையவில்லை. 2018இல் டெலிகோம் மலேசியா எட்டு ஆண்டுகளுக்கு 48 கோடி ரிங்கிட் என்று ஒளிபரப்பு ஒப்பந்தம் போட்டது. அந்தப் பணத்தை நம்பி எல்லா அணிகளும் செலவுத் திட்டம் வகுத்தன. 2019இலேயே அந்த ஒப்பந்தம் முறிந்தது. அடுத்த ஆண்டு கோவிட்: லீக் 11 ஆட்டங்களாகச் சுருங்கியது, மலேசியக் கிண்ணம் ரத்தானது, டிக்கெட் வருமானம் நின்றது. ஊன்றுகோல் உடைந்த அந்த வேளையில்தான், தனியாக நட என்று கிளப்புகளைத் தள்ளிவிட்டார்கள். தனியார்மயம் தவறான யோசனை அல்ல. ஆனால் வருமானம் வரும் வழியைக் காட்டாமல் பொறுப்பை மட்டும் கைமாற்றியது பெரிய பிழை. கெடா பணக்கார மாநிலம் இல்லை. நெல்லும் ரப்பரும் செம்பனையும், தெற்கே கூலிம் தொழிற்பேட்டையும். அலோர் ஸ்டார் கடைத்தெருவில் விளம்பரம் திரட்டி சூப்பர் லீக் அணியின் சம்பளப் பட்டியலை நிரப்பிவிட முடியாது.

சம்பளப் பாக்கி என்று பத்திரிகையில் ஒரு வரியில் படித்துவிடுகிறோம். அந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கணக்குக்காக, மாதம் 8,000 ரிங்கிட் வாங்கும் உள்ளூர் ஆட்டக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமநிதிக்கு அவர் பங்கு 11 விழுக்காடு, அதாவது 880 ரிங்கிட். முதலாளியின் பங்கு 12 விழுக்காடு, 960 ரிங்கிட். இரண்டும் சேர்த்து மாதம் 1,840 ரிங்கிட் அவர் பெயரில் இ.பி.எஃப். கணக்கில் சேர வேண்டும். இப்படி 25 பேர் என்றால் சேமநிதி மட்டும் மாதம் 46,000 ரிங்கிட். பிறகு சொக்சோ, வருமான வரிப் பிடித்தம். பணமுடை வந்த கிளப் முதலில் கை வைப்பது இங்கேதான். சம்பளம் வராவிட்டால் ஆட்டக்காரர் மறுநாளே கேட்பார். சேமநிதி கட்டாததை அவர் கணக்கைத் திறந்து பார்க்கும்வரை அறியமாட்டார். சம்பளத்தில் பிடித்ததைக் கட்டாமல் வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். தோட்டத்தில் வேலை பார்த்த நம் பெற்றோர் சேமநிதிப் புத்தகத்தைச் சாமிப் படத்தோடு வைத்துப் பாதுகாத்தவர்கள். அந்தப் பணம் வராமல் போனால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. காற்பந்து வீரரின் உழைப்புக்காலம் முப்பத்தைந்து வயதோடு முடிகிறது. பதினைந்து ஆண்டுச் சம்பாத்தியத்தில் ஆறு மாதம் காணாமல் போவது சின்ன இழப்பல்ல.

மோசமான இறக்குமதியும் உள்ளூர்க்காரரின் பாக்கியும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் இடத்தை இனிப் பார்க்க வேண்டும். இந்தப் பிரச்சினையில் அதிகம் பேசப்படாத பகுதி இது.

ஃபிஃபாவின் இடமாற்ற விதிகளில் 2018இல் ‘14பிஸ்’ என்ற பிரிவு சேர்ந்தது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், 15 நாள் எழுத்து அவகாசம் கொடுத்துவிட்டு ஆட்டக்காரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். நியாயமான காரணமில்லாமல் கிளப் அவரை விலக்கினாலும், 17ஆம் பிரிவுப்படி ஒப்பந்தத்தின் மீதிக்காலச் சம்பளத்தை அடிப்படையாக வைத்து இழப்பீடு தர வேண்டும். ஆக, ஆடத் தெரியாதவரை எடுத்துவிட்டோம் என்று நடுப்பருவத்தில் திருப்பி அனுப்பினால் அவர் சம்பளம் நிற்பதில்லை. அவர் இடத்துக்கு வருபவருக்கும் கொடுக்க வேண்டும், போனவருக்கும் கொடுக்க வேண்டும். வெளிநாட்டவர் என்பதால் அவர் நேராக ஃபிஃபா நடுவர் மன்றத்துக்குப் போகலாம். தீர்ப்பு வந்தும் கட்டாவிட்டால் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யத் தடை வரும். எந்த நிர்வாகமும் அந்தத் தடைக்குப் பயப்படும், ஏனென்றால் அடுத்த பருவமே நின்றுபோகும்.

உள்ளூர் ஆட்டக்காரருக்கு அந்த வாசல் இல்லை. நாட்டுக்குள்ளேயான வழக்கு என்பதால் மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் தகுதிநிலைக் குழுவுக்குப் போக வேண்டும், துணைக்கு பி.எஃப்.ஏ.எம். என்ற தொழில்முறை ஆட்டக்காரர் சங்கம் இருக்கிறது. ஆட்டக்காரர் சங்கம் நன்றாகத்தான் போராடுகிறது. ஆனால் கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை யாருக்கு முதலில் கொடுப்பது என்று யோசிக்கும் கிளப்புக்கு, ஃபிஃபாவின் கடிதம்தான் கனமாகத் தெரியும். கிளம்பிப் போன இறக்குமதியின் கணக்கு தீர்க்கப்படுகிறது. இங்கேயே வீட்டுக்கடன் கட்டிக்கொண்டு, மறுநாளும் பயிற்சிக்கு வருகிற உள்ளூர்ப் பையன் வரிசையில் பின்னால் நிற்கிறான். இறக்குமதி ஆட்டக்காரர்மேல் கோபப்படுவதில் பயனில்லை, அவர் தன் உரிமையைத்தான் வாங்கினார். அதே உரிமை இங்குள்ளவருக்கு அதே வேகத்தில் கிடைக்க ஏற்பாடு செய்யாததுதான் குறை.

விதிகளே இல்லையா? இருக்கின்றன. ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் உரிமத் திட்டம் உண்டு. இங்கே உரிமத்தைத் தீர்மானிப்பது எஃப்.ஐ.பி. என்னும் முதல்நிலைக் குழு. மலேசியக் காற்பந்து லீக் நிறுவனமான எம்.எஃப்.எல்.லிடம் பொருளாதாரக் கட்டுப்பாட்டுத் திட்டம் இருக்கிறது. தவணை தவறினால் புள்ளி வெட்டு. கெடாவும் அப்படிப் புள்ளிகளை இழந்தது. அப்போது எழுந்த கேள்வி இன்னும் ஓயவில்லை: சம்பளமே வாங்காமல் ஓடி ஆடிப் பையன்கள் சேர்த்த புள்ளியை, சம்பளம் கொடுக்காதவரின் குற்றத்துக்காக எப்படிப் பறிக்கலாம்?

கேள்வி மனத்தைத் தொடுகிறது. மறுபக்கமும் இருக்கிறது. கையில் உள்ளதற்குள் செலவு செய்து, மலிவான அணியோடு ஆடி, எட்டாம் இடத்தில் முடிக்கிற கிளப் ஒன்றை நினைத்துப் பாருங்கள். கொடுக்க முடியாத சம்பளத்தைச் சொல்லி நல்ல ஆட்டக்காரர்களை இழுத்துக்கொண்ட இன்னொரு கிளப் அதை வென்று மேலே போகிறது. அந்த வெற்றியை அப்படியே விட்டுவைத்தால் நேர்மையான கிளப் ஏன் நேர்மையாக இருக்க வேண்டும்? இங்கிலாந்தில் இதே வாதம் நடந்தது. மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக்கூடாது என்ற விதியை 1.95 கோடி பவுண்டு மீறியதாக எவர்ட்டன் கிளப்புக்கு 2023 நவம்பரில் 10 புள்ளிகள் வெட்டினார்கள். மேல்முறையீட்டில் அது 6 ஆகக் குறைந்தது. அடுத்த ஏப்ரலில் இன்னொரு கணக்குக்காக மேலும் 2 போனது. 2024 மார்ச்சில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட்டுக்கு 4. ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆனால் எவர்ட்டன் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் நிற்கவில்லை. நம் கதைக்கும் அவர்கள் கதைக்கும் உள்ள வேறுபாடு அது: அங்கே விதி மீறல் என்றால் அதிகம் செலவு செய்தது, இங்கே உழைத்தவனுக்குக் கூலி கொடுக்காதது.

இங்கிலாந்தைவிட ஜெர்மனியிடமும் ஸ்பெயினிடமும் கற்க நிறைய இருக்கிறது. பருவம் தொடங்கும் முன்பே, வரும் ஆண்டு முழுவதும் செலவைத் தாங்கப் பணம் இருக்கிறதா என்று ஜெர்மன் லீக் ஒவ்வொரு கிளப்பின் கணக்கையும் பார்க்கிறது. காட்ட முடியாதவர்களுக்கு நிபந்தனை, அல்லது உரிமமே இல்லை. ஸ்பெயினில் ஒவ்வொரு கிளப்பும் ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்ற வரம்பை லீக்கே விதிக்கிறது. அந்த வரம்புக்குள் அடங்காததால்தான் 2021 ஆகஸ்டில் பார்சிலோனா லியோனல் மெஸ்ஸியையே பதிவு செய்ய முடியாமல் கண்ணீரோடு வழியனுப்பியது. மெஸ்ஸிக்கே வளையாத விதி. பார்சிலோனாவுக்கு அது அவமானம்தான், ஆனால் அந்த ஆண்டு கொடுக்க முடியாத ஒரு சம்பளத்துக்கு அவர்கள் கையெழுத்துப் போடவில்லை.

நம்மிடம் விதி ஆண்டு முடிவில் விழித்துக்கொள்கிறது. நிபந்தனையோடு உரிமம், தவணை நீட்டிப்பு, மறுபடி தவணை, பிறகு புள்ளி வெட்டு, கடைசியில் உரிமம் இல்லை. ஒவ்வொரு நீட்டிப்பும் கருணை போலத் தெரிந்தது. ஒவ்வொரு நீட்டிப்பிலும் ஆட்டக்காரருக்கு இன்னும் சில மாதச் சம்பளம் பாக்கியானது. ஃபெல்டா யுனைடெட் 2020 முடிவில் கலைந்தது. 2025இல் பேராவும் விலகியது. தண்டனை கடுமையாக இல்லாததால் வந்த வினை அல்ல இது, கேள்வியைத் தாமதமாகக் கேட்டதால் வந்தது.

சிக்கனமாக இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. நம் இந்தியச் சமூகத்திலிருந்து கிளம்பிய அணியின் கதை அதைக் காட்டுகிறது. எம்.ஐ.எஸ்.சி.-மிஃபா என்ற பெயரில் கீழ்நிலையிலிருந்து ஏறி, 2018இல் கே. தேவன் பயிற்சியில் சூப்பர் லீக்குக்குத் தகுதி பெற்று, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறிய அணி அது. பிறகு பி. மணியம் பயிற்றுவித்தார். கடைசியாக ஆடிய 2022 பருவத்தில் ஓர் இறக்குமதி ஆட்டக்காரரும் இல்லாமல், உள்ளூர்ப் பையன்களோடு மட்டும் முதல்நிலை லீக்கில் நின்றார்கள். அந்தப் பருவத்தோடு உரிமையாளர் அணியை விலக்கிக்கொண்டார். இறக்குமதியே இல்லாத அணியும் மறைந்துவிட்டது. ஒரே உரிமையாளரின் மனத்தை நம்பி நிற்கும் எந்த அணியும் அவர் கையெடுத்தால் விழும். ரசிகர் சந்தா, சிறு விளம்பரதாரர், ஒளிபரப்புப் பங்கு, ஆட்டக்காரரை வளர்த்து விற்பது என்று நான்கைந்து வழியாக வருமானம் வந்தால்தான் அணி நிற்கும். வளர்த்து விற்பதில் கெடாவுக்குத் திறமை இல்லாமலில்லை. அக்யார் ரஷிட் இங்கே முளைத்துத்தான் ஜே.டி.டி.க்குப் போனார்.

கெடா மேல்நிலையில் இல்லாததால் யாருக்கு நட்டம் என்பதை நம் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். பீடோங்கிலோ லூனாஸிலோ தமிழ்ப்பள்ளித் திடலில் நன்றாக ஆடும் பையனுக்கு, மாவட்டம், மாநிலப் பள்ளி அணி, பிறகு கெடாவின் இளையர் அணிகள் என்று ஒரு படிக்கட்டு இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தோட்டத் திடல்களும் தோட்ட அணிகளும் போய்விட்டன. மிஞ்சியது பள்ளி வழிதான். மேலே போய்ச் சேர மாநில அணி இல்லை என்றால், அந்தப் பையன் கோலாலம்பூருக்கோ ஜொகூருக்கோ போக வேண்டும். எத்தனை குடும்பங்களுக்கு அது முடியும்?

செய்ய வேண்டியது மூன்று. சூப்பர் லீக் உரிமம் கேட்கும் கிளப், அணியின் குறைந்தது மூன்று மாதச் சம்பளத்தையும் சேமநிதிப் பங்கையும் பருவத்துக்கு முன்பே எம்.எஃப்.எல்.லிடம் வங்கி உத்தரவாதமாகக் கட்ட வேண்டும். பாக்கி விழுந்த அன்றே அதிலிருந்து ஆட்டக்காரருக்குப் போக வேண்டும். உள்ளூர் ஆட்டக்காரரின் வழக்கையும் ஃபிஃபா வழக்கின் அதே தவணையில் முடித்து, அதே பதிவுத் தடையை விதிக்க வேண்டும். கையெழுத்திட்ட இயக்குநர்கள், பழைய பாக்கி தீரும்வரை வேறெந்தக் கிளப்பிலும் பொறுப்பு ஏற்கக் கூடாது. இவை நடந்தால் இறக்குமதி ஆட்டக்காரரை எடுப்பதும் தானாகவே நிதானமாகும், ஏனென்றால் பணத்தை முதலில் கட்ட வேண்டியிருக்கும்.

ஏ1 லீக்கில் ஆடும் கெடா அணியைப் போய்ப் பாருங்கள், கைதட்டுங்கள், பையன்களுக்கு அது வேண்டும். கூடவே உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் சங்கத்திடமும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருங்கள்: பழைய கிளப்பில் ஆடியவர்களின் சம்பளத்திலும் சேமநிதியிலும் எவ்வளவு கொடுத்தாயிற்று, யாருக்கு இன்னும் பாக்கி? அந்தப் பட்டியலைப் பொதுவில் வெளியிடச் சொல்லுங்கள். சூப்பர் லீக்குக்குத் திரும்புவதைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.